கேஷ்பேக் கார்டு: அந்த ஐந்து சதவீதத்தை எங்கே போட்டால் கட்டுபடியாகும்?

கேள்வி சுருக்கமாக இது: நியூ ஜெர்சியில் கணவன், மனைவி, ஒரு குழந்தை. மாதம் சுமார் 2,540 டாலர் கார்டில் போகிறது. கையில் எந்தச் செலவிலும் 2% திருப்பித் தரும் சாதா கேஷ்பேக் கார்டு ஒன்று, பேங்க் ஆஃப் அமெரிக்காவின் கஸ்டமைஸ்டு கேஷ் ரிவார்ட்ஸ் விசா ஒன்று, புதிதாக வந்திருக்கும் யூ.எஸ். பேங்க் கேஷ் பிளஸ் ஒன்று. இரண்டாவது கார்டில், கூடுதல் கேஷ்பேக்குக்காக நாமே தேர்ந்தெடுக்கும் செலவு வகை பெட்ரோலிலேயே இருக்கிறது. மளிகையும் காஸ்ட்கோவும்கூட அதில்தான் போகின்றன. வகையை மாற்ற வேண்டுமா, கேஷ் பிளஸில் எந்த இரண்டைத் தேர்ந்தெடுப்பது, இன்னொரு கார்டு தேவையா, மனைவி பெயரிலும் ஒன்று எடுக்கலாமா என்பதுதான் கேட்டது.

செலவுக் கணக்கைக் கொடுத்தது நல்லதாகப் போயிற்று. அது இல்லாமல் இந்தக் கேள்விக்குப் பதிலே கிடையாது. மாதத்துக்கு மளிகை 700, காஸ்ட்கோ 250, ஹோட்டல் சாப்பாடு 300, பெட்ரோல் 180, கரண்டும் ஹீட்டிங் கேஸும் 200, இன்டர்நெட்டும் ஸ்ட்ரீமிங்கும் 90, போன் 90, ஆன்லைன் ஷாப்பிங் 400, மற்றவை 330.

முதலில் ஒரு கெட்ட செய்தி. இப்போது ஓடும் ஏற்பாட்டில் உங்கள் 3% கார்டு 2% கார்டைவிடக் குறைவாகத்தான் தருகிறது. எப்படி என்று பாருங்கள். கஸ்டமைஸ்டு கேஷில் நீங்கள் தேர்ந்தெடுத்த வகைக்கு 3%, மளிகைக் கடைக்கும் காஸ்ட்கோ போன்ற, உறுப்பினர்களுக்கு மொத்தமாக விற்கும் ஹோல்சேல் கிளப்புக்கும் 2%, மற்றதுக்கெல்லாம் 1%. ஆனால் அந்த 3%, 2% இரண்டுக்கும் சேர்த்து ஒரே வரம்பு: காலாண்டுக்கு 2,500 டாலர். அதைத் தாண்டினால் எல்லாமே 1%. உங்கள் பெட்ரோல், மளிகை, காஸ்ட்கோ மூன்றும் மாதம் 1,130 டாலர். மூன்று மாதத்துக்கு 3,390. மூன்றாவது மாதத்தின் முதல் வாரத்திலேயே வரம்பு நிரம்பிவிடுகிறது. மீதி 890 டாலரும் 1%-தான். கூட்டிப் பார்த்தால் காலாண்டுக்குக் கிடைப்பது சுமார் 62.90 டாலர். இதே செலவை யோசிக்காமல் 2% கார்டில் தேய்த்திருந்தால் 67.80 கிடைத்திருக்கும்.

தொகை சின்னது. ஆனால் தவறு எந்த இடத்தில் என்பது முக்கியம். கார்டு விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருக்கும் சதவீதத்தைப் பார்த்து வகையைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் கார்டு அதே செலவுக்கு என்ன தருகிறதோ, அதற்கு மேல் எவ்வளவு கூடுகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். உங்களுக்கு அடிப்படை 2%. அப்படியானால் 3% என்பது உண்மையில் 1% லாபம், 5% என்பது 3% லாபம், 1% என்பது நஷ்டம். இந்த வித்தியாசத்தை, வரம்புக்குள் அடங்கும் செலவால் பெருக்கி, 12-ஆல் பெருக்குங்கள். வருகிற எண்தான் அந்த வகையின் ஆண்டு மதிப்பு. வேறு எந்தக் கணக்கும் வேண்டாம்.

இந்தக் கணக்கை கஸ்டமைஸ்டு கேஷில் போட்டுப் பார்ப்போம். அதில் இருக்கும் வகைகள் ஆறு: பெட்ரோலும் மின்வாகன சார்ஜிங்கும், ஆன்லைன் ஷாப்பிங், உணவகம், பயணம், மருந்துக் கடை, வீட்டுப் பராமரிப்பும் அறைக்கலனும். எதையும் நீங்கள் தொடாவிட்டால் பெட்ரோலில் நிற்கும். பெட்ரோலின் மதிப்பு 180 × 1% × 12, அதாவது ஆண்டுக்கு 21.60 டாலர். உணவகம் 36. ஆன்லைன் 48. ஆகவே ஆன்லைனுக்கு மாற்றுங்கள். மளிகையையும் காஸ்ட்கோவையும் இந்தக் கார்டிலிருந்து அடியோடு எடுத்துவிடுங்கள். அவை அங்கே பெறும் 2% உங்கள் சாதா கார்டிலும் கிடைக்கிறது. அங்கே அவை செய்வதெல்லாம் வரம்பைத் தின்பதுதான்.

கார்டு வாங்கி ஓராண்டு ஆகவில்லை என்றால் நிலைமை வேறு. 2025-இல் இந்தக் கார்டுக்குப் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு முதல் ஆண்டு முழுக்கத் தேர்ந்தெடுத்த வகையில் 6% என்று கொடுத்தார்கள். உங்களுக்கு அது பொருந்தினால் ஆன்லைன் வகையின் மதிப்பு 48-இலிருந்து 192 டாலராக ஏறுகிறது. அதே போல, 2025 வரை நடப்பில் இருந்த ப்ரிஃபர்டு ரிவார்ட்ஸ் திட்டத்தில், பேங்க் ஆஃப் அமெரிக்கா கணக்கிலும் மெரில் முதலீட்டுக் கணக்கிலும் சேர்த்து மூன்று மாதச் சராசரி 1 லட்சம் டாலர் இருந்தால் கேஷ்பேக் 75% கூடும். 3% என்பது 5.25% ஆகும். மெரிலில் வைத்திருக்கும் ஐஆர்ஏ என்ற ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கும் இந்தச் சராசரியில் சேரும். பழைய கம்பெனியின் ஓய்வுக்காலச் சேமிப்பான 401(கே)-ஐ ஐஆர்ஏவுக்கு மாற்ற (ரோலோவர் செய்ய) இருப்பவர்களுக்கு இது யோசிக்க வேண்டிய விஷயம். வேறெங்கோ நிம்மதியாக இருக்கும் பணத்தை இதற்காக மட்டும் நகர்த்துவது எனக்குச் சரியாகப் படவில்லை. திட்டங்களின் நிபந்தனைகள் மாறுகிறவை, ஆகையால் உங்கள் கணக்குக்கு இன்று எது பொருந்துகிறது என்பதைச் செயலியில் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

அடுத்து கேஷ் பிளஸ். இதில் ஒவ்வொரு காலாண்டும் இரண்டு வகைகளை நீங்களே தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து காலாண்டுக்கு 2,000 டாலர் வரை 5%. கூடவே மளிகை, உணவகம், பெட்ரோல் இவற்றில் ஒன்றுக்கு 2%. அது உங்களுக்குப் பிரயோஜனம் இல்லை, ஏற்கெனவே இருப்பதுதான். 5% பட்டியலில் கரண்ட், கேஸ் போன்ற வீட்டு யூடிலிட்டி பில், டிவி-இன்டர்நெட்-ஸ்ட்ரீமிங், மொபைல் போன், ஃபாஸ்ட் ஃபுட், எலக்ட்ரானிக்ஸ் கடை, டிபார்ட்மென்ட் ஸ்டோர், ஜிம், சினிமா, விளையாட்டுப் பொருள் கடை, தரைவழிப் போக்குவரத்து, குறிப்பிட்ட துணிக் கடைகள், அறைக்கலன் கடை என்று வரும். சாதா மளிகையும் பெட்ரோலும் இதில் இல்லை என்பதால் பலர் இந்தக் கார்டை மதிப்பதில்லை. எனக்கு அது தவறாகத் தோன்றுகிறது. கரண்ட் பில்லுக்கு 5% தரும் கார்டுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். அது ஆட்டோபேயில் தானாக ஓடும். கடையில் நின்று எந்தக் கார்டை நீட்டுவது என்று யோசிக்க வேண்டிய வேலையும் இல்லை.

உங்களுக்கு யூடிலிட்டியும் டிவி-இன்டர்நெட்-ஸ்ட்ரீமிங்கும். மாதம் 290 டாலர், 3% வித்தியாசம், ஆண்டுக்கு 104.40. வரம்பில் பாதிகூட நிரம்பவில்லை, பரவாயில்லை. புது லேப்டாப்போ டிவியோ வாங்கப்போகிற காலாண்டில் மட்டும் இன்டர்நெட்டை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக்ஸ் கடையைப் போடுங்கள்: 1,200 டாலர் லேப்டாப்புக்கு 36 டாலர் கூடுதல் லாபம், அந்தக் காலாண்டில் இன்டர்நெட்டில் விட்டது வெறும் 8.10.

போன் பில்லை ஏன் விட்டேன் என்று கேட்பீர்கள். பெரிய போன் கம்பெனிகள் பலவற்றில் ஆட்டோபே தள்ளுபடி லைனுக்கு 5 முதல் 10 டாலர் வரை இருக்கிறது. ஆனால் அது வங்கிக் கணக்கிலிருந்தோ டெபிட் கார்டிலிருந்தோ கட்டினால்தான். கிரெடிட் கார்டைக் கொடுத்தால் தள்ளுபடி போய்விடும். இரண்டு லைனுக்குக் குறைந்தபட்சம் 10 டாலர் என்று வையுங்கள். 90 டாலர் பில்லுக்கு 5% என்பது 4.50. நாலரை டாலருக்காகப் பத்து டாலரை விடுவது எந்த ஊர்க் கணக்கு? உங்கள் பிளானில் அந்தத் தள்ளுபடி இல்லை என்று உறுதியானால், போனை கஸ்டமைஸ்டு கேஷுக்கு அனுப்புங்கள். அதன் ஆன்லைன் ஷாப்பிங் வகைக்குள்ளேயே போன், கேபிள், இன்டர்நெட், ஸ்ட்ரீமிங் எல்லாம் அடக்கம்.

யூடிலிட்டியிலும் இதே மாதிரி ஒரு கண்ணி உண்டு. சில மின் கம்பெனிகள் கார்டில் கட்டினால் கட்டணம் வாங்கும். அங்கே ஒப்பீடு மாறிவிடுகிறது. கட்டணம் உண்டு என்றால் நீங்கள் ஒப்பிட வேண்டியது 2% கார்டோடு அல்ல, வங்கிக் கணக்கிலிருந்து இலவசமாகக் கட்டுவதோடு. 200 டாலர் பில்லுக்கு 2 டாலர் தட்டையான கட்டணம் என்றால் 10 டாலர் வருகிறது, 2 போகிறது, கட்டலாம். 2.75% கட்டணம் என்றால் 10 டாலரில் 5.50 அவர்களுக்கே போய்விடும், அப்போதும் 4.50 லாபம்தான், ஆனால் 2% கார்டில் கட்டியிருந்தால் கைப்பணம் போயிருக்கும். வாடகை போர்ட்டல்கள் 3%-ஐ ஒட்டிக் கேட்கும். வாடகைக்குக் கார்டு வேண்டாம். அபார்ட்மென்ட்காரர்கள் தண்ணீரையும் குப்பையையும் வாடகையோடு சேர்த்து வாங்கினால் அது யூடிலிட்டி வகையில் விழாது, வாடகை போர்ட்டலின் கணக்கில்தான் விழும்.

விழும், விழாது என்று சொல்கிறேனே, இதைத் தீர்மானிப்பது யார்? நீங்கள் வாங்கிய பொருள் அல்ல, கடையின் குறியீடு. கார்டை ஏற்கும் ஒவ்வொரு கடைக்கும் எம்சிசி என்று நான்கு இலக்க எண் ஒன்று உண்டு. கடை கார்டு மெஷின் எடுக்கும்போது, அந்தச் சேவையைத் தரும் நிறுவனம் ஒதுக்குவது அது. சூப்பர்மார்க்கெட் 5411, உதிரி உணவுப் பொருள் கடை 5499, உணவகம் 5812, ஃபாஸ்ட் ஃபுட் 5814, மருந்துக் கடை 5912, ஹோல்சேல் கிளப் 5300, பெட்ரோல் பங்க் 5541, பம்பிலேயே தேய்ப்பது 5542, யூடிலிட்டி 4900. உங்கள் வங்கி பார்ப்பது இந்த எண்ணை மட்டும்தான். சூப்பர்மார்க்கெட்டில் பூந்தொட்டி வாங்கினாலும் மளிகை. ஹோட்டலில் தங்கி அங்கேயே சாப்பிட்டு ரூம் கணக்கில் ஏற்றினால் அது சாப்பாடு அல்ல, தங்குமிடம். வால்மார்ட்டிலும் டார்கெட்டிலும் வண்டி நிறையப் பாலும் காய்கறியும் வாங்கினாலும் பெரும்பாலான கார்டுகள் அதை மளிகையாக ஏற்காது. நிபந்தனையிலேயே சூப்பர் ஸ்டோர் என்று விலக்கி வைத்திருப்பார்கள்.

நம்மவர்கள் அதிகம் ஏமாறுவது இந்தியக் கடையில். பெரிய கடைகள் பொதுவாக 5411-இல் இருக்கும். சின்னக் கடைகள் எதில் வேண்டுமானாலும் இருக்கும். ஒரே கூரைக்குக் கீழே முன்பக்கம் மளிகை, பின்பக்கம் சமோசாவும் தோசையும் என்று இருக்கும் கடையில் இரண்டு மெஷின்கள் இருந்தால் இரண்டுக்கும் இரண்டு குறியீடுகள் இருக்கலாம். ஒரே மெஷின் என்றால் அரிசி மூட்டையும் உணவகக் கணக்கில் விழக்கூடும். கடைக்காரரைக் கேட்டுப் பயனில்லை, அவருக்கே தெரியாது. சோதனை சுலபம்: ஒரு கொத்தமல்லிக் கட்டும் கறிவேப்பிலையும் மட்டும் அந்தக் கார்டில் வாங்குங்கள். பென்டிங் நீங்கிப் பதிவாக இரண்டு மூன்று நாள் ஆகும். பிறகு செயலியில் கேஷ்பேக் விவரப் பக்கத்தைத் திறந்து, அந்தத் தொகைக்கு எத்தனை சதவீதம் கணக்காகியிருக்கிறது என்று பாருங்கள். செலவுப் பட்டியலில் வண்ணப்படம் போட்டு 'மளிகை' என்று காட்டுவதை நம்ப வேண்டாம். அது வரவு செலவுக்கான வகைப்படுத்தல், கேஷ்பேக் கணக்கு வேறு. கடை புதிய மெஷின் மாற்றினால் குறியீடும் மாறலாம், அதனால் வருடத்துக்கு ஒரு தடவை இப்படிப் பார்த்துக்கொள்வது நல்லது. போனில் தட்டிக் கட்டினாலும் கடையின் குறியீடுதான் போகும், அதில் குழப்பம் இல்லை. இடையில் வேறொரு செயலி பணத்தை வாங்கிக் கடைக்குக் கொடுக்கும் இடங்களில்தான் குறியீடு தடம் மாறுகிறது.

இப்போது மளிகைக்கு வருவோம். உங்கள் பட்டியலில் பெரிய தொகை இதுதான், இதற்கு 2%-க்கு மேல் தரும் கார்டு எதுவும் உங்களிடம் இல்லை. மூன்று வழிகள்.

அமெக்ஸ் ப்ளூ கேஷ் எவ்ரிடே: அமெரிக்க சூப்பர்மார்க்கெட்டுகளில் ஆண்டுக்கு 6,000 டாலர் வரை 3%, ஆண்டுக் கட்டணம் இல்லை. உங்களுக்கு லாபம் 60 டாலர். அதன் அண்ணன் ப்ளூ கேஷ் ப்ரிஃபர்டு: அதே 6,000 வரை 6%, ஆண்டுக் கட்டணம் 95. லாபம் 240, கட்டணம் போக 145. சிட்டி கஸ்டம் கேஷ்: ஒவ்வொரு பில்லிங் சைக்கிளிலும் நீங்கள் அதிகம் செலவழித்த ஒரு வகைக்கு 500 டாலர் வரை 5%, கட்டணம் இல்லை. லாபம் 500 × 3% × 12, அதாவது 180. உங்கள் 700-இல் 500 இதில், மீதி 200 சாதா கார்டில்.

மூன்றாவதுதான் என் தேர்வு, ஆனால் அதற்கு ஒழுக்கம் வேண்டும். அது வகையைத் தேர்ந்தெடுக்கச் சொல்லாது. உங்கள் செலவைப் பார்த்து அதுவே தேர்ந்தெடுக்கும். வசதி போலத் தோன்றும், ஆபத்தும் அதில்தான். ஒரு மாதம் மளிகை 480, அவசரத்துக்கு அதே கார்டில் ஒரு பிறந்தநாள் விருந்து 510 என்று வையுங்கள். உணவகம் முந்திக்கொள்ளும், 500-க்கு 5%, மிச்சம் பத்து டாலருக்கும் மளிகை 480-க்கும் 1%. இரண்டையும் கலக்காமல் இருந்தால் மளிகை 24 டாலர் தந்திருக்கும், விருந்து சாதா கார்டில் 10.20, சேர்த்து 34.20. கலந்ததில் கிடைத்தது 29.90. ஆகவே அந்தக் கார்டு பர்ஸில் இருப்பது ஒரே வேலைக்கு. அதன் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டி 'மளிகை' என்று எழுதி வையுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. இன்னொன்று, அது நாட்காட்டி மாதத்தைப் பார்க்காது. உங்கள் ஸ்டேட்மென்ட் மூடும் தேதியிலிருந்து அடுத்த மூடும் தேதி வரை எண்ணும். 17-ஆம் தேதி மூடுகிறது என்றால் 18-ஆம் தேதிதான் உங்களுக்கு மாதப் பிறப்பு. 480-ஐத் தொட்டதும் கார்டை மாற்றுங்கள், 500-க்கு மேல் 1%-தான். காஸ்ட்கோவை இதில் கொண்டுவர முடியாது. இது மாஸ்டர்கார்டு, காஸ்ட்கோவின் அமெரிக்கக் கடைகள் கிரெடிட் கார்டுகளில் 2016 ஜூனிலிருந்து விசாவை மட்டுமே வாங்குகின்றன. காஸ்ட்கோவுக்குச் சாதா 2% கார்டு விசா என்றால் அதுவே போதும். காஸ்ட்கோவின் சொந்தக் கார்டும் கடைக்குள் அதே 2%-தான் தருகிறது.

ப்ளூ கேஷ் இரண்டில் எது என்று குழம்புகிறவர்களுக்கு ஒரு எண்: 95 டாலரை 3% வித்தியாசத்தால் வகுத்தால் 3,167. சூப்பர்மார்க்கெட்டில் வாரம் 61 டாலருக்கு மேல் செலவழித்தால்தான் கட்டணக் கார்டு வெல்லும். உங்களுக்கு வெல்லும், ஆனால் கஸ்டம் கேஷை வெல்லாது.

காலாண்டுக்கு ஒரு முறை வங்கியே வகையை மாற்றிக் கொடுக்கும் சுழல் கார்டுகளும் இருக்கின்றன: டிஸ்கவர் இட், சேஸ் ஃப்ரீடம் ஃப்ளெக்ஸ். இரண்டிலும் 1,500 டாலர் வரை 5%, இரண்டிலும் ஆக்டிவேட் செய்ய வேண்டும். பலர் அதை மறப்பதில்தான் பிழைக்கிறார்கள், அதாவது வங்கிகள். ஃப்ரீடம் ஃப்ளெக்ஸில் காலாண்டின் கடைசி மாதம் 14-ஆம் தேதிக்குள் ஆக்டிவேட் செய்தால் காலாண்டின் தொடக்கத்திலிருந்து செய்த செலவுக்கும் சேர்த்துத் தருவார்கள். டிஸ்கவரில் ஆக்டிவேட் செய்த நாளிலிருந்து மட்டும்தான். முதல் ஆண்டு முடிவில் டிஸ்கவர் அதுவரை சேர்ந்த கேஷ்பேக்கை அப்படியே இரட்டிப்பாக்கித் தருகிறது, அதனால் முதல் ஆண்டுக்கு அது நல்ல கார்டு. உங்கள் நிலையில் இவை இப்போதைக்குத் தேவையில்லை. இந்தியாவிலிருந்து புதிதாக வந்து கிரெடிட் வரலாறே இல்லாதவர்கள் வேண்டுமானால் டிஸ்கவரின் டெபாசிட் கட்டி வாங்கும் கார்டிலோ, கஸ்டமைஸ்டு கேஷின் அதே மாதிரிக் கார்டிலோ தொடங்கலாம்.

பெட்ரோலைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட முடியாது, குறிப்பாக நியூ ஜெர்சியில். இங்கே நாமே நிரப்பிக்கொள்ள அனுமதி இல்லை. ஊழியர்தான் வந்து 'கேஷா, கிரெடிட்டா' என்று கேட்பார். பல பங்குகளில் பலகையில் இரண்டு விலைகள் இருக்கும், வித்தியாசம் பெரும்பாலும் காலனுக்குப் பத்து சென்ட். காலன் 3 டாலர் என்றால் பத்து சென்ட் என்பது 3.3%. அங்கே 3% கார்டை நீட்டினால் நீங்கள்தான் அவருக்கு 0.3% கொடுக்கிறீர்கள். பெட்ரோலை 3% வகையாக வைத்துக்கொள்வதில் எனக்கு ஆர்வம் இல்லாததற்கு இதுவும் காரணம். உணவக பில்லின் அடியில் சின்ன எழுத்தில் 'கார்டு கட்டணம் 3%' என்று இருந்தாலும் இதே கதை.

ஊருக்குப் போகும் டிக்கெட்டுக்காக கஸ்டமைஸ்டு கேஷை 'பயணம்' வகைக்கு மாற்றலாமே என்று தோன்றும். நாட்காட்டி மாதத்துக்கு ஒரு முறை மாற்ற அனுமதி உண்டு, மாற்றலாம். கணக்கைப் பாருங்கள்: மூன்று டிக்கெட் 4,500 டாலர். எல்லாவற்றையும் அந்தக் கார்டில் போட்டால் 2,500-க்கு 75, மீதி 2,000-க்கு 1% என்று 20, மொத்தம் 95. சாதா கார்டில் 90. ஐந்து டாலருக்காக வகையை மாற்றி, காலாண்டு வரம்பையும் காலி செய்து, ஆன்லைனில் வந்திருக்க வேண்டிய 12 டாலரையும் இழக்கிறீர்கள். ஏஜென்டோ தளமோ தொகையைப் பிரித்து வாங்கச் சம்மதித்தால், 2,500-ஐ இதிலும் 2,000-ஐ 2% கார்டிலும் போட்டு 115 பெறலாம். ஆன்லைனில் இழந்தது போக ஏறக்குறைய 13 டாலர் மிச்சம். முதல் ஆண்டு 6% இருந்தால் மட்டும் மாற்றுவது உண்மையாகவே லாபம். இன்னும் ஒன்று: விமான நிறுவனத்தின் இந்தியத் தளத்தில் ரூபாயில் வாங்கினால் இந்தக் கார்டு 3% வெளிநாட்டுப் பரிவர்த்தனைக் கட்டணம் பிடிக்கும். தி.நகரில் புடவை எடுக்கும்போதும் அதேதான். ஊர்ப் பயணத்துக்கு வெளிநாட்டுக் கட்டணம் இல்லாத கார்டு ஒன்று தனியாக இருக்கட்டும். கடை மெஷின் 'டாலரா, ரூபாயா' என்று கேட்டால் ரூபாய் என்று சொல்லுங்கள்.

தேதிகளைக் காலண்டரில் குறித்து வையுங்கள்: ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1. கேஷ் பிளஸில் புதிய காலாண்டுக்கான வகைகளை அதற்கு முன்பே பதிய வேண்டும். மறந்தால் போன காலாண்டின் தேர்வு தானாகத் தொடராது. கரண்ட் பில்லுக்கும் 1%-தான் கிடைக்கும். கஸ்டமைஸ்டு கேஷ் அப்படியல்ல, மாற்றும்வரை அதே வகையில் நிற்கும். காலாண்டின் கடைசி இரண்டு மூன்று நாளில் பெரிய பொருள் எதையும் வாங்காதீர்கள். வாங்கிய தேதியா, வங்கியில் பதிவான தேதியா என்பதில் கார்டுக்குக் கார்டு விதி வேறு. பதிவான தேதி என்றால் மார்ச் 30-இல் வாங்கியது ஏப்ரல் கணக்கில் உட்கார்ந்துகொள்ளும். வகையை மாற்றும்போதும் பழைய செலவுகள் பென்டிங்கிலிருந்து இறங்கும்வரை பொறுத்து மாற்றுங்கள். பொருளைத் திருப்பிக் கொடுத்தால் அதற்கான கேஷ்பேக்கும் கழியும்.

இதெல்லாம் மாதாமாதம் பில்லை முழுதாகக் கட்டுகிறவர்களுக்கு மட்டும். 24% வட்டி என்பது மாதம் 2%. பாக்கி வைத்தால் இரண்டரை மாதத்தில் 5% கரைந்துவிடும். அதோடு, பாக்கி இருக்கும்வரை புதிதாக வாங்குவதற்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும், சலுகைக் காலம் கிடையாது. செலவுக்குக் கிடைக்கும் கேஷ்பேக்கை அமெரிக்க வரித் துறையான ஐஆர்எஸ் வருமானமாகப் பார்ப்பதில்லை, விலைக் குறைப்பாகத்தான் பார்க்கிறது. வரி பற்றிக் கவலை வேண்டாம்.

கடைசியாக மனைவி பெயரில் கார்டு. உங்கள் கார்டிலேயே அவரைக் கூடுதல் உறுப்பினராகச் சேர்த்தால் வரம்பு கூடாது; இரண்டு பேரும் ஒரே 500-ஐப் பங்கிட்டுக்கொள்கிறீர்கள். அவர் பெயரில் தனியாக ஒரு கஸ்டம் கேஷ் எடுத்தால் தனி 500. அதை உணவகத்துக்கு மட்டும் ஒதுக்கினால் 300 × 3% × 12, ஆண்டுக்கு 108 டாலர். அவருக்குச் சம்பளம் இல்லை என்பது தடையல்ல: 21 வயது நிரம்பியவர், தனக்கு நியாயமாகப் பயன்படுத்தக் கிடைக்கும் குடும்ப வருமானத்தை விண்ணப்பத்தில் எழுதலாம் என்று 2013-இல் விதியைத் திருத்திவிட்டார்கள். எச்-4 விசாவில் (எச்-1பி ஊழியரின் துணைக்கானது) வேலை அனுமதி இல்லாமல் இருந்து சோஷியல் செக்யூரிட்டி எண்ணும் இல்லை என்றால், அது இல்லாதவர்களுக்கு ஐஆர்எஸ் தரும் ஐடிஐஎன் எண்ணை ஏற்கும் வங்கிகள் சில உண்டு. விண்ணப்பிக்கும் முன் வங்கியிடம் கேட்டுவிடுங்கள். கிரெடிட் வரலாறே இல்லை என்றால் முதலில் உங்கள் பழைய கார்டில் கூடுதல் உறுப்பினராகச் சேர்த்து, ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து விண்ணப்பிப்பது நல்லது. கஸ்டம் கேஷ் அதற்குள் அவசரமில்லை. கேஷ் பிளஸில் வகைகளை இன்று பதிந்துவிட்டு, கரண்ட் கம்பெனி தளத்தில் ஆட்டோபே கார்டை மாற்றுங்கள். அதற்கு முன்னால் அந்தத் தளம் கட்டணம் பிடிக்கிறதா என்று கட்டும் பக்கத்தின் கடைசி வரியைப் படித்துவிடுங்கள்.